இலை போடாம ஒரு தடவை

பஸ்ஸுக்குக் கீழ நின்னாங்களே, நீலச் சுடிதார், அவங்களைத்தானே கேக்குறீங்க? அக்காதான்மா. கூடப் பொறந்த அக்கா இல்ல, காலேஜ் அக்கா. நான் மதுரையில எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சேன், அவங்க அதே டிபார்ட்மென்ட்ல பிஎச்.டி. பண்ணிட்டு இருந்தாங்க. ஆவுடைச்செல்வின்னு பேரு. நான் ஆவுடைக்கான்னு கூப்புடுவேன்.

நான் கை காட்டுனேன், அவங்க காட்டல. அதையும் பாத்துட்டீங்களா? வெயிலு கண்ணுல அடிச்சிருக்கும்மா. இல்ல, வெயிலும் இல்ல ஒன்னும் இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? இனிமே வீட்டுக்கு வராதன்னு சொல்லிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்து வந்து, ஜன்னல் சீட்டாப் பாத்து உக்கார வெச்சு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, அப்புறம் சொல்றாங்க வராதன்னு. கோவப்பட்டுச் சொன்னாலும் பரவால்ல. ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிட்டு இருந்துருப்பேன். தன்மையாச் சொன்னாங்கம்மா. அதுதான் தாங்க முடியல.

அழல, அழல. தூசி. சரி, அழறேன்னுதான் வெச்சுக்கோங்களேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்னு. நானும் அப்ப இருந்து யோசிச்சுப் பாக்குறேன், எனக்குத் தெரியல.

எங்க லேபுல என்ன வேலைன்னா, செடியில இருந்து மருந்துச் சரக்கைப் பிரிச்செடுக்குறது. அருள்தாஸ் சார்னு எங்க கைடு. பேய்மிரட்டின்னு ஒரு செடி தெரியுமா உங்களுக்கு? ஆங், அதேதான், ரோட்டோரத்துல கெடக்கும், கசக்கி மோந்தா மூக்குல ஏறும். அந்த இலையைப் பறிச்சு, நிழல்ல காய வெச்சு, பொடி பண்ணி, ஹெக்சேன்னு ஒன்னு, பாக்கத் தண்ணி மாதிரி இருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், அதுல ஊறப் போடணும். வடிகட்டி அதைச் சுண்ட வெச்சா பச்சைப் பசையா வரும். பெறகு ஒரு நீளக் கண்ணாடிக் குழாய்ல வெள்ளைப் பொடியை நெரப்பி, மேல இந்தப் பசையை வெச்சு, ஹெக்சேனை ஊத்திக்கிட்டே இருக்கணும். கீழ சொட்டுச் சொட்டா எறங்கும். ஒவ்வொரு சரக்கும் தனித்தனியாப் பிரிஞ்சு வரும். அக்காவுக்கு நாலாவதா ஒன்னு வந்துச்சு. எண்ணெய் மாதிரி, நெறமே இல்லாம. லேபுல நாலாம் நம்பர்னுதான் சொல்லுவோம். அந்தச் செடியில அந்தச் சரக்கு இருக்குன்னு முத முதல்ல எழுதுனது அக்காதான். கிருமியைக்கூடக் கொல்லுதுன்னு காட்டிட்டாங்க. அதை வெச்சுத்தான் பிஎச்.டி.யே. ஆறு வருஷம்மா.

எனக்கு எம்.எஸ்ஸி. கடைசில ஒரு ப்ராஜெக்ட் பண்ணணும். சார் என்னை அக்காகூடப் போட்டு விட்டாரு. அக்கா எலையில எடுத்தாங்கல்ல, நான் தண்டுலயும் வேர்லயும் எடுத்து, எதுல எம்புட்டு நாலாம் நம்பர் இருக்குன்னு பாக்கணும். அம்புட்டுத்தான் என் வேலை. சின்ன வேலை. ஆனா அந்த மாதிரி சந்தோஷமா நான் எங்கயுமே இருந்ததில்ல, எங்க வீட்டுலகூட.

நெசமாத்தான். குழாய்ல ஊத்த ஆரம்பிச்சுட்டா நடுவுல விட்டுட்டுப் போக முடியாதும்மா. பொடி காஞ்சா வெடிப்பு விட்டுரும், எல்லாம் பாழு. சாப்பாட்டு மணி அடிச்சாலும் போக முடியாது. நான் ரெண்டு கையிலயும் வேலையா நிப்பேன், அக்கா அவங்க டப்பாவைத் தொறந்து ஊட்டி விடுவாங்க. எலுமிச்சைச் சாதம், ஒரு பக்கம் ஹெக்சேன் வாடை. 'ஏட்டி, வாயைத் தொற, எனக்கும் பசிக்கி'ன்னு வையுவாங்க. ஹாஸ்டல்ல எம் பக்கத்துல எந்தப் புள்ளையும் படுக்காது, முடியெல்லாம் அந்த வாடை. எனக்கு அது ஒரு பெருமை. அக்கா முடியிலயும் அதே வாடைதானே.

ஒரு நா அழகர் மலை ரோட்டுல இலை பறிக்கப் போனோம். ரெண்டு பேரும் சாக்கு நெறைய பேய்மிரட்டியை அமுக்கிட்டு இருக்கோம், ஆடு மேய்க்குற அம்மா ஒன்னு வந்து, 'யாருக்கும்மா பேய் புடிச்சிருக்கு'ன்னு கேட்டுச்சு. அக்கா மூஞ்சியில சிரிப்பே இல்லாம, 'எங்க சாருக்கு'ன்னாங்க. அந்தம்மா, 'சாக்கு பத்தாது தாயி, இன்னொன்னு பறிச்சுட்டுப் போங்க'ங்குது. பஸ்ல வரும்போதெல்லாம் சிரிப்பு. சாக்கு மேல உக்காந்துக்கிட்டு ரெண்டு கிறுக்கச்சிங்க மாதிரி சிரிச்சோம்.

அப்பத்தான் சொன்னாங்க, கொரியாவுல ஒரு லேபுல கூப்புட்டுருக்காங்கன்னு. தீசிஸ் குடுத்துட்டாப் போதும், கெளம்பி வந்துருன்னு எழுதியிருந்தாங்களாம். நல்ல விஷயம்தானே? எனக்குச் சந்தோஷம்தான். யாரு சந்தோஷம் இல்லைன்னா? ஆனா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. நான் பிஎச்.டி. சேரணும்னு நெனைச்சதே அக்கா இருக்காங்கன்னுதான். அக்காவே போயிட்டா அந்த லேபுல எனக்கு என்ன இருக்கு? அதை நான் அவங்ககிட்டச் சொல்லல. அவங்க ஜெர்க்கின் எங்க வாங்கலாம்னு கேட்டாங்க, நானும் கூடவே போயி பாத்தேன்.

அதை விடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

என்னோட வேலை முடிஞ்சுச்சு. தண்டுல எடுத்தேன், வேர்ல எடுத்தேன். ஆச்சரியம் பாருங்க, எலையில எம்புட்டு வந்துச்சோ அம்புட்டேதான் தண்டுலயும். வேர்லயும் அம்புட்டேதான். அக்காவுக்கு ஒரே குஷி. 'செடி பூரா இருக்குட்டி, உச்சியில இருந்து வேர் வரைக்கும்'னாங்க. எனக்கு மட்டும் மனசுல ஒரு உறுத்தல். முருங்கையில எலை ஒரு ருசி, காய் ஒரு ருசி, வேரு காரமா இருக்கும்ல? எல்லாத்துலயும் எப்படி ஒரே அளவா இருக்கும்? அக்காகிட்டக் கேட்டேன். அவங்க தீசிஸ் எழுதுற அவசரம். 'எதுக்கும் ஒரு ப்ளாங்க் ஓட்டிருட்டி, மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் கேட்டாலும் கேப்பாரு'ன்னாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்கம்மா. நானா ஒன்னும் பண்ணல.

ப்ளாங்க்னா ஒன்னுமில்ல. புளி போடாம ரசம் வெச்சுப் பாக்குற மாதிரி. எலை மட்டும் கெடையாது, மத்ததெல்லாம் அதே மாதிரி பண்ணணும். அதே ஹெக்சேன், அதே பாத்திரம், அதே பொடி, அதே சுண்ட வெக்கிறது. கடைசில ஒன்னும் வரக் கூடாது. புளியே போடாத ரசம் புளிக்குதுன்னா, புளிப்பு வேற எங்கிட்டோ இருந்து வருதுன்னுதானே அர்த்தம்?

வந்துச்சும்மா. எண்ணெய் மாதிரி, நெறமே இல்லாம.

வெள்ளிக்கிழமை அது. அக்கா ஊருக்குப் போயிருந்தாங்க. திங்கக்கிழமை அவங்களோட கடைசி செமினார், தீசிஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் முன்னாடி பேசணும், அதுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரப் போயிருந்தாங்க. லேபுல நான் மட்டும்தான். சின்னத் தகட்டுல மூணு சொட்டு வெச்சேன். அக்காவோடது ஒன்னு, என்னோடது ஒன்னு, எலை போடாதது ஒன்னு. ஊதா லைட்டுல பாத்தா மூணும் ஒரே ஒசரத்துல நிக்குது. ஒரே சரக்குன்னாத்தான் அப்படி நிக்கும். சனிக்கிழமை மறுபடியும் மொதல்ல இருந்து பண்ணேன். அப்பவும் வந்துச்சு. ஐ.ஆர். மெஷின்ல போட்டு வரைபடம் எடுத்தேன். கோட்டு மேல கோடு அச்சு மாறாம உக்காருது. அப்பத்தான் அந்தக் கேனைப் பாத்தேன். சார் ஹெக்சேனைப் பெரிய டிரம்முல வாங்கி, பிளாஸ்டிக் கேன்ல ஊத்தி வெக்கச் சொல்லுவாரு, கண்ணாடி பாட்டில் வெலை ஜாஸ்தின்னு. வருஷக்கணக்கா அதுலதான் எடுக்குறோம். பிளாஸ்டிக்கை வளையுற மாதிரி பண்றதுக்கு ஒரு எண்ணெய் சேப்பாங்க. அந்த எண்ணெய்தான் ஹெக்சேன்ல ஊறி ஊறி வந்துருக்கு. நாலாம் நம்பருன்னு ஒன்னு செடியில கெடையவே கெடையாதும்மா. அது கேனு.

ஆமா, போன் பண்ணியிருக்கலாம். நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நானும் எடுத்தேன், நம்பரைக்கூடப் போட்டேன். ஆனா போன்ல இதை எப்படிம்மா சொல்றது? அவங்க வீட்டுல தறி ஓடும், எதுவும் சரியாக் கேக்காது. அதுவுமில்லாம அந்தத் தகட்டை நேர்ல பாக்கணும். அம்புட்டு சுத்தமா வந்துருந்துச்சு. நான் போட்ட தகட்டுலயே அதுதான் அழகு. சொட்டு வழியல, வால் இழுக்கல. முதல்ல எல்லாம் நான் போட்டா சாணி மொழுகுன மாதிரி இருக்கும், அக்கா கேலி பண்ணுவாங்க. இதைப் பாத்தா அக்கா என்னைக் கட்டிப் புடிச்சுக்குவாங்கன்னு நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன். என் ப்ராஜெக்ட் பேச்சுலயே கடைசிப் படமா அதைச் சேத்துட்டேன்.

எனக்கும் திங்கக்கிழமைதான். வெளியூர்ல இருந்து எக்ஸ்டர்னல் வராருல்ல, ஒரே வரத்துல ரெண்டையும் முடிச்சுரலாம்னு சார் ஏற்பாடு. காலையில எம்.எஸ்ஸி. பிள்ளைங்க, மத்தியானத்துக்கு மேல அக்கா.

விடியக்காலை பஸ்ஸைப் புடிச்சு அக்கா வந்துட்டாங்க. அப்பா தறியை நிறுத்திட்டு வந்துருந்தாரு. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்டது. அம்மா கையில லட்டுப் பை. எனக்குச் சேலை கட்டத் தெரியாதும்மா. லேபு கதவைச் சாத்திட்டு அக்காதான் கட்டி விட்டாங்க. கீழ உக்காந்து மடிப்பை நீவி விட்டு, வாயில பின்னைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொன்னாக் குத்துனாங்க. 'பயப்படாதட்டி, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, இழுக்காத'ன்னாங்க. அப்பச் சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயில பின்னு வெச்சுருக்காங்களே, திடுக்குன்னு ஏதாச்சும் ஆயிரும்னு விட்டுட்டேன்.

நான் பேசுனேன். இங்கிலீஷ்லதான். அக்கா முன் வரிசையில உக்காந்து போன்ல என்னை வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. ஒவ்வொரு படத்துக்கும் தலையை ஆட்டுனாங்க, சரியாப் போகுதுன்னு. கடைசிப் படத்தைப் போட்டேன். மூணு சொட்டு. எலை, வேரு, ஒன்னும் போடாதது. கேனைப் பத்தியும் சொன்னேன். அக்கா தலை அப்படியே நின்னுருச்சு. ஆனா போனைக் கீழ எறக்கலம்மா. கையி அப்படியே இருந்துச்சு, நான் முடிக்கிற வரைக்கும்.

எக்ஸ்டர்னல் எந்திரிச்சே நின்னுட்டாரு. 'இதுதாம்மா ஆராய்ச்சி'ன்னு கை தட்டுனாரு. அவரு தட்டவும் எல்லாரும் தட்டுனாங்க. பின்னாடி அக்காவோட அம்மாவும் தட்டுனாங்க, அவங்களுக்கு என்ன தெரியும், நம்ம புள்ள நல்லாப் பேசுதுன்னு தட்டுனாங்க. எங்க சார் ஒடனே, 'கண்ணாடி பாட்டில்ல வெக்கச் சொல்லி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், இந்த ஸ்காலர்ஸ் கேக்குறதில்ல'ன்னாரு. அவரு அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா சார் சொல்றாருன்னா சொல்லியிருப்பாருல்ல.

மத்தியானம் அக்கா பேசவே இல்ல. மேடையில ஏறி, 'இதுக்கு மேல என்கிட்டச் சொல்ல ஒன்னும் இல்ல சார்'னு மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டாங்க. நான் லேபுக்கு ஓடுனேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தி வெச்சுருந்தாங்க. என்னோடதையும் சேத்துக் கழுவியிருந்தாங்க. சாவி மேசை மேல இருந்துச்சு. ஆளைக் காணோம். அப்பா, அம்மா, லட்டுப் பை, ஒன்னும் இல்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?

அதுக்கப்புறம் நான் போன் போட்டா எடுக்கல. மெசேஜ் போட்டேன், 'அக்கா, புதுசா ஒரு செடி எடுத்துக்கலாம், கூட ஒரு மூணு வருஷம்தான் ஆகும்'னு. நான் தப்பாச் சொல்லல பாருங்க. சார் ஒன்னும் தொரத்தல. கொரியா போனாப் போகுது, அது எங்க ஓடிறப் போகுது? நானும் அங்கயேதான் சேரப் போறேன். ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து முதல்ல இருந்து பண்ணியிருப்போம். முன்ன மாதிரியே ஊட்டி விட்டு, சாக்கைத் தூக்கிட்டு இலை பறிச்சு. வெள்ளிக்கிழமை அந்தத் தகட்டைப் பாத்தப்பவே எனக்கு இதுதான் தோணுச்சு. ஐயோன்னு ஒரு பக்கம், அப்பாடா, இனி அக்கா எங்கயும் போக முடியாதேன்னு ஒரு பக்கம். பாசம் இருந்தா அப்படித் தோணும்ல? உங்களுக்குத் தோணாதா?

அவங்க எழுதுனாங்க, 'நல்லா படி'ன்னு. அம்புட்டுத்தான். எங்கம்மாகிட்டச் சொல்லி அழுதேன். 'உள்ளதைச் சொன்னா நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளமாம், நீ விட்டுத் தள்ளு'ன்னுச்சு எங்கம்மா. எப்படிம்மா விட்டுத் தள்ளுறது?

இப்ப எனக்கு பிஎச்.டி. சீட்டு கெடைச்சுருச்சு. ஃபெலோஷிப்போட. அருள்தாஸ் சாரே கூப்புட்டுச் சேத்துக்கிட்டாரு. அக்காவோட மேசையைத்தான் குடுத்துருக்காரு. இதை யாருகிட்ட முதல்ல சொல்லணும்? அக்காகிட்டத்தானே? அதான் இன்னைக்கு நேர்லயே போயிருவோம்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி பால்கோவா வாங்கிட்டுப் போனேன்.

போன எடத்துல எம்புட்டு மரியாதைங்குறீங்க! அக்காவோட அம்மா வாசல்லயே கையைப் புடிச்சுக்கிட்டாங்க. 'வாம்மா ஜோதி, அன்னைக்கு நீ பேசினதுக்கு நான்கூடக் கை தட்டுனேன்லா'ன்னாங்க. பெறகு அவங்களே, 'எங்க புள்ளைக்குத்தான் வெண்ணெய் தெரண்டு வரும்போது தாழி ஒடைஞ்ச கதையா ஆயிட்டு. யாரோ என்னமோ கேள்வி கேட்டுட்டாங்களாமே'ன்னாங்க. யாரோவாம்! அக்கா வீட்டுல என் பேரையே சொல்லல. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பாத்தியா, அக்காவுக்கு எம் மேல கோவமே இல்லைன்னு நெனைச்சேன்.

அக்கா பக்கத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல எட்டாவதுக்கு சயின்ஸ் எடுக்குறாங்க. எளைச்சுட்டாங்க. முடியில இப்ப அந்த வாடை இல்ல, ஷாம்பு வாடை அடிச்சுச்சு. அது என்னமோ எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. சீட்டு கெடைச்சதைச் சொன்னேன். 'நல்லா பண்ணுட்டி'ன்னாங்க. 'ஹெக்சேனுக்குக் கண்ணாடி பாட்டில் வாங்கிட்டாரா'ன்னு கேட்டாங்க. வாங்கிட்டாருக்கான்னேன். தலையை ஆட்டிக்கிட்டாங்க. 'நீங்க வாங்கக்கா, மேசையை நான் அன்னைக்கே காலி பண்ணிக் குடுத்துர்றேன்'னேன். சாப்புட வான்னு கூப்புட்டாங்க. உள்ள தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அவங்க அப்பா மட்டும் எந்திரிச்சு வரல.

ரெண்டு பேரும் எதுத்தாப்புல உக்காந்து சாப்புட்டோம். தேங்காப்பால் ஊத்திச் சொதி வெச்சுருந்தாங்க. அக்கா எனக்கு ரெண்டாந் தடவை சோறு போட்டுக்கிட்டே அவங்களாப் பேச்சை எடுத்தாங்க. 'நான் ரொம்ப நாள் ஒம் மேல வருத்தமா இருந்தேன்ட்டி. பொய் சொல்லல. பெறகு யோசிச்சேன். சின்னப்புள்ள. அன்னைக்குக் காலையில அவசர அவசரமா ஒரு ப்ளாங்க் ஓட்டியிருப்பா, வந்ததை வந்தபடி படத்துல ஒட்டியிருப்பா. மேடையில நின்னு பேசும்போதுதான் அவளுக்கே அது என்னன்னு புரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா நம்மகிட்டச் சொல்லாம இருப்பாளா? அப்படி நெனைச்சதும் எனக்கு மனசு ஆறிட்டு. போன் எடுக்காததுக்கு நீதான் என்னைய மன்னிக்கணும்'னாங்க.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. அவங்க மன்னிக்கணும்னு சொன்னதுக்கு இல்ல, அந்த அவசர அவசரமாங்குறதுக்கு. நான் அப்படியா வேலை பாக்குறவ? ஒரு தகட்டைக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டி, என்னன்னே தெரியாம மேடையில காட்டுறவளா நானு? அதுவும் அக்கா அப்படி நெனைச்சுட்டு இருந்தாங்கன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதான் சொன்னேன். 'இல்லக்கா, நான் அப்படிப் பண்ணலக்கா. வெள்ளிக்கிழமையே ஓட்டிட்டேன். சனிக்கிழமை மறுபடி ஓட்டிச் சரி பாத்தேன். ஐ.ஆர். எடுத்து வெச்சுப் பாத்தேன். முழுசாத் தெரிஞ்சுதான்க்கா காட்டுனேன்'னேன்.

அக்கா கையில சோத்துக் கரண்டி. 'வெள்ளிக்கிழமையா'ன்னாங்க. ஆமாக்கான்னேன். 'அப்ப நான் ஒனக்குச் சேலை கட்டி விடும்போது ஒனக்குத் தெரியும்'னாங்க. தெரியும்க்கான்னேன்.

கரண்டியைச் சட்டியில வெச்சாங்க. சத்தம்கூட வரல. எந்திரிச்சுப் போயி கை கழுவுனாங்க. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்துச்சு. அவங்க அம்மா, 'என்னட்டி, என்ன ஆச்சு'ங்குறாங்க. 'ஒன்னுமில்லம்மா, இவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது'ன்னாங்க. நான் பஸ்ஸைப் பத்திப் பேசவே இல்ல. ராத்திரி தங்குறதுக்குத் துணியெல்லாம் எடுத்துட்டுத்தான் வந்தேன், இந்தா பாருங்க, இந்தப் பைதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ரோடு கடக்கும்போது மட்டும் பழையபடி எங் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, அந்தப் பக்கம் வந்ததும் விட்டுட்டாங்க. இந்த சீட்டுல உக்கார வெச்சுட்டுத்தான் சொன்னாங்க. 'நீ செஞ்சது சரிதான்ட்டி. யாரு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன். ஆனா இனிமே வீட்டுக்கு வராத.' கோவமே இல்லம்மா மூஞ்சியில. வெறும் மூஞ்சி.

சரின்னா எதுக்கு வரக் கூடாது? சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லணும், நான் கால்ல விழுந்துருப்பேன். சரிங்குறாங்க, வராதங்குறாங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்? அவங்களே ஒரு நல்ல நாளாப் பாத்து எனக்காக ஒரு கணக்குப் போட்டு வெச்சுருந்தாங்க, திங்கக்கிழமை காலைன்னு. ஆமாக்கா, திங்கக்கிழமைதான்னு நான் தலையை ஆட்டியிருந்தா, இந்நேரம் அவங்க வீட்டுல சொதி ஊத்திச் சாப்புட்டுட்டு, அக்கா பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்துருப்பேன். எனக்கு வேற யாரும்மா இருக்கா? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொய்யே கெடையாதுன்னுதானே உள்ளதைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமைதான். ஏம்மா, நீங்களும் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டீங்க?